சியெனாவில் ஒரு பெஞ்சு

விட்டன்ஸீல் ஊரில் மேடு என்று ஒன்று கிடையாது. விருந்தாளி வருவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் மாவு பிசைந்து, கேக் சுட்டு, ஆறவும் வைத்துவிடலாம். அவ்வளவு தட்டை. கடலைத் தடுக்க ஊர் ஓரமாக ஒரு கரை உண்டு, கரை மேல் ஆடுகள் உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே வாழும் பாக்கியம் எங்கள் ஊரில் அந்த ஆடுகளுக்கு மட்டும்தான்.

அப்பேர்ப்பட்ட ஊரில் பழங்கட்டட அன்பர் சங்கம் என்று ஒன்று. வருடா வருடம் மே மாதத்தில் ஏதாவது ஒரு பழைய நகரத்துக்குப் பேருந்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டடம் பார்த்துவிட்டு வருவார்கள். ஏதாவது ஒரு நகரம் என்பது பேச்சுக்குத்தான். ஒன்பது வருடமாக அது பெல்ஜியத்து ப்ரூஜ். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கூட்டம் போடுவார்கள். ப்ராக் என்பார் ஒருவர், லிஸ்பன் என்பார் இன்னொருவர். மூன்றாவது கோப்பைத் தேநீர் முடிவதற்குள் ஊர்வலம் ப்ரூஜில் வந்து நிற்கும். கால்வாய், செங்கல் வீடுகள், தட்டைத் தரை. எங்கள் ஊரையே கொஞ்சம் சாக்லேட் தடவி வைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் இவர்களுக்கு அதைப் பிடிக்கும்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. கோப்பையில் பெரிய கற்கண்டுக் கட்டி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், கற்கண்டு பட்டென்று வெடிக்கும் சத்தம், ஓரமாக ஒரு கரண்டிப் பாலாடை. கலக்கக் கூடாது. கலக்கினால் வேற்றூர்க்காரன். அப்புறம் சின்னக் கரண்டி எதற்கு என்றால், போதும் என்று சொல்வதற்கு. காலிக் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால் நிறுத்திக்கொள்வார்கள். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், குடிப்பவர் வயிறு வெடித்தாலும் சரி. சங்கத்தில் வாக்கெடுப்பும் இதே முறைதான். பிடிக்காத ஊரின் பெயர் வந்தால் கோப்பைக்குள் கரண்டி விழும். கெஷே ஸாட்ஹோஃப் எழுந்து நின்று “சியெனா” என்று சொன்னாலே போதும், கோயில் மணி மாதிரி கணகணவென்று கேட்கும்.

கெஷே கரை வாரிய அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்க வரைந்தது கரை, கரை, கரை. கரைக்கும் சரிவு உண்டு. ஆனால் அது கடலுக்குப் பயந்து போட்ட சரிவு. அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு மேலே பல்மருத்துவர் கொடுத்த ஒரு பழைய நாட்காட்டி தொங்கியது. ஜூன் மாதத்தைத் தாண்டி அதை அவள் புரட்டவே இல்லை. ஜூன் மாதத்துப் படம் இத்தாலியின் சியெனா, அதன் பெரிய சதுக்கம். கிளிஞ்சல் மாதிரி விரிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும் செங்கல் தரை. அதில் ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எதற்கும் பயப்படாமல், எதையும் தடுக்காமல், மனிதன் உட்காருவதற்கென்றே ஒரு சரிவு! பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து, சாவதற்குள் அதில் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

தனியாகவே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சங்கத்திலும் கேட்டார்கள். அவளுக்கு அது பிடிக்காது. நல்ல கட்டடத்தைப் பார்த்ததும் பக்கத்தில் திரும்பி “பாத்தீங்களா?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் அதைப் பார்த்தென்ன, பார்க்காவிட்டாலென்ன என்பது அவள் கட்சி.

இந்தப் பிப்ரவரியில் அதிசயம் நடந்தது. மீன்கடை வைத்திருந்த ஹப்போ, உடம்பும் சிரிப்பும் பெரிது, எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

“எனக்குப் ப்ரூஜ் வேணாம்ப்பா. போன வருஷம் கால்வாய்ல போற அன்னம் என்னப் பாத்து ‘மொய்ன் ஹப்போ’ன்னு நம்மூர் வணக்கம் வெக்குது. ‘உன் பொண்டாட்டி கால்வலி எப்டி இருக்கு’ன்னு கேக்குது. இதுக்கு மேல அங்க என்ன பாக்கறது?”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கெஷே வழக்கம்போல “சியெனா” என்றாள், பாதிப் பேர் கரண்டி போட மறந்துவிட்டார்கள். சங்கத் தலைவி டோம்மா எண்ணிப் பார்த்தாள். அவள் மருந்துக்கடை நடத்தியவள், மாத்திரையைப் போலவே கரண்டியையும் எண்ணுவாள். எண்ணி முடித்து, நம்ப முடியாமல் மறுபடி எண்ணி, “சியெனா” என்றாள்.

கெஷேக்குக் காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை. ஏறுவதற்குள் ரேம்ட் போப்பிங்கா தொண்டையைச் செருமினார்.

போப்பிங்கா மதகுக் காவலராக இருந்தவர். அவர் திறந்தால்தான் கப்பல் போகும், அவர் மூடினால் நிற்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சங்கத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். போப்பிங்காவும் கெஷேயும் மட்டும் இத்தனை வருடமாக ‘நீங்க’. அது மரியாதையா விரோதமா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

“ஸாட்ஹோஃப் அம்மா, சியெனா முழுக்க மேடுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும், போப்பிங்கா சார்.”

“நம்மாளுங்க நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டினாலே தல சுத்தறவங்க. அங்க போயி ஒருத்தர் நடுத்தெருவுல உக்காந்துட்டா, மிச்சப்பேர் கட்டடம் பாக்கறதா, அவரத் தூக்கறதா?”

“யாரும் உக்கார மாட்டாங்க.”

“அப்ப நிரூபிங்க. இங்கயே ஒத்திகை. ஒரு நல்ல மேட்டுல எல்லாரும் ஏறிக் காட்டணும். ஒரே ஒரு கரண்டி விழுந்தாலும் ப்ரூஜ்.”

“இது அநியாயம்” என்றாள் கெஷே.

“பாதுகாப்பு” என்றார் போப்பிங்கா.

பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டால் முடிந்தது. கடலோடு மல்லுக்கட்டிய பரம்பரை. தலைகள் ஆடின. ஒத்திகை என்று முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை கரை மேல் ஏறிப் பார்த்தார்கள். ஏற ஆரம்பித்தோம் என்று நினைப்பதற்குள் ஏறி முடித்துவிட்டார்கள். மேலே ஆடுகள் நின்று வேடிக்கை பார்த்தன. போப்பிங்கா செருப்பின் அடியைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, “இது மேடு இல்ல, ஆட்டுப் புழுக்கை. சியெனால தெரு வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். கல் தரை. வளைஞ்சு போற மேடு காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்றார். காட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். வளைந்து வளைந்து மேலே போகிற எதுவும் விட்டன்ஸீலில் கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர.

அன்று இரவு கெஷேக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் மத்தியானத் தேநீரின்போது, எல்லோர் கோப்பையிலும் கற்கண்டு விழும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: “அந்தச் சனியன் இருக்கே.”

கற்கண்டு வெடிப்பது மட்டும் கேட்டது.

அந்தச் சனியன் என்பது படகுத் துறைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் கார் நிறுத்தம். தீவுகளுக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் காரை விட்டுவிட்டுப் போவதற்காகக் கட்டியது. சாம்பல் நிறக் கான்கிரீட், ஜன்னல் கிடையாது, பழைய தேவாலயத்தை ஊரின் பாதிப் பேர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. அதை எதிர்க்கத்தான் சங்கமே பிறந்தது. அதற்குள் காலடி வைப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே சத்தியம் செய்திருந்தார்கள். அதை இடிக்கச் சொல்லி வருடா வருடம் நகரசபைக்கு மனு போகும். மனுவை எழுதுபவர் போப்பிங்கா. அவருடைய கையெழுத்து அழகு.

“அதுக்குள்ளயா?” என்றார் போப்பிங்கா. குரல் கீழே போய்விட்டது.

“வளைஞ்சு வளைஞ்சு போகுது. கல் தரை. அஞ்சு மாடி. நீங்க கேட்டது அதானே?”

“நான் செத்தாலும் அதுக்குள்ள கால் வெக்க மாட்டேன்.”

“அப்ப நிபந்தனைய வாபஸ் வாங்கிக்கங்க, போப்பிங்கா சார்.”

அவர் டோம்மாவைப் பார்த்தார். டோம்மா பாலாடையைப் பார்த்தாள். கடைசியில் ஹப்போதான் வழி சொன்னார்: “எதிரி கோட்டைக்குள்ள வேவு பாக்கப் போறோம்னு எழுதிக்கங்கப்பா. சத்தியமும் உடையாது, மேடும் ஏறியாச்சு.” வேவு என்றதும் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. கொள்கைக்கும் பங்கமில்லை, குறுகுறுப்பும் தீரும். அத்தனை வருடமாக உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஆசை இருந்தது. யாரும் வெளியே சொன்னதில்லை.

மார்ச் மாதம், காற்று அறைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சங்கம் முழுவதும் அந்தச் சனியனின் வாசலில் கூடியது. ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு கரண்டி. யாருக்கு முடியவில்லையோ அவர் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுவிட வேண்டும், அத்தோடு சியெனா அவுட். ஹப்போ இரண்டு கையிலும் தேநீர் நிரப்பிய பெரிய எஃகுப் பாத்திரங்கள் தூக்கி வந்திருந்தார்.

உள்ளே நுழைவதற்குள்ளேயே ஒரு தகராறு. தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. பக்கவாட்டில் ஆள் போகிற வழி தாராளமாகத் திறந்திருந்தது. ஆனால் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கு எரியும்போது எங்கள் ஊர்க்காரர்களைப் புயல்கூட நகர்த்த முடியாது.

“சீட்டு எடுக்காம எப்டிப் போறது?” என்றாள் டோம்மா.

“டோம்மா, நம்ம கிட்ட காரே இல்ல” என்றாள் கெஷே.

“அதுக்காக? நாளைக்கு யாராவது கேட்டா?”

ஒவ்வொருவராக இயந்திரத்தின் முன்னால் போய்க் கார் மாதிரி நின்று பொத்தானை அழுத்தினார்கள். இயந்திரம் மனிதர்களை மதிக்கவில்லை. ஹப்போ இரண்டு பாத்திரங்களோடு போய் நின்றதும் சீட்டு வெளியே வந்தது, கட்டை தூக்கிக்கொண்டது. அவருடைய எடையினாலா, எஃகினாலா என்று சங்கத்தில் இன்றுவரை இரு கட்சி உண்டு. கட்டை இறங்குவதற்குள் அத்தனை பேரும் அவர் பின்னால் ஓடி உள்ளே போய்விட்டார்கள். முழங்கால் வலி என்று பிப்ரவரியில் கூட்டத்துக்கே வராதவர்கள்கூட ஓடினார்கள். கெஷே அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்.

சரிவுப் பாதை சுருண்டு சுருண்டு மேலே போயிற்று. கெஷே முன்னால் நடந்தாள். வாரக் கணக்கில் படித்துத் தயார் செய்து வைத்திருந்தாள்.

“இதுதான் நகர வாசல்” என்றாள், சீட்டு இயந்திரத்தைக் காட்டி. “சியெனால வாசல் மேல எழுதியிருக்கும், இந்த வாசலவிட எங்க மனசு பெருசா தொறந்திருக்குன்னு.”

“இங்க ‘உயரம் ரெண்டு மீட்டர்’னு எழுதியிருக்கு” என்றார் ஹப்போ.

“மனசு வேற, கூரை வேற. குனிஞ்சு வா.”

இரண்டாவது மாடித் தூண்களில் கார் மோதாமல் இருக்கக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். கெஷே நின்றாள். “சியெனாவோட கதீட்ரல் இப்டித்தான் இருக்கும். கறுப்பு வெள்ளப் பளிங்கு, பட்டை பட்டையா, தூணு முழுக்க. உள்ள போயி அண்ணாந்து பாத்தா வரிக்குதிரக் காட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்குமாம்.” சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல வேலப்பாடு” என்றார். கையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

அப்போது மேலே பெட்டி கட்டிய ஒரு கார் திணறித் திணறி ஏறி வந்தது. ஓட்டியவர் ஜன்னலை இறக்கி, “மேல எடம் இருக்குங்களா?” என்று கேட்டார்.

டோம்மா யோசிக்கவே இல்லை. “கதீட்ரல் தாண்டி நெறைய இருக்குங்க.”

அவர் நன்றி சொல்லிவிட்டு ஏறிப்போனார். கொஞ்ச நேரத்தில் வேறு வழியாக இறங்கி வெளியே போய்விட்டார். தீவுக்குப் போகும் ஆசையே விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது மாடியில் கூட்டம் நீண்டுவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கான்கிரீட்டில் பட்டு எதிரொலித்தது. ஆனால் ஒரு கரண்டியும் விழவில்லை. யாராவது கரண்டியை எடுப்பது போலத் தெரிந்தால் கெஷே உடனே ஒரு அரண்மனையைக் காட்டுவாள். எண்ணெய்க் கறை ஒரு அரண்மனை, தீயணைப்புக் குழாய் ஒரு நீரூற்று. இல்லாத சன்னலில் இருந்து இல்லாத சீமாட்டி ஒருத்தி பார்த்தாள். பாதி படித்தது, பாதி கைச்சரக்கு. சங்கம் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் வந்தது.

நாலாவது மாடி வளைவில் கெஷே திரும்பி எண்ணிப் பார்த்தாள். ஒருவர் குறைந்தார். மற்றவர்களை மேலே போகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

வளைவின் மறைவில், சுவர் ஓரமாகப் போப்பிங்கா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடிக் கம்பியில். மறு கையில் கோப்பை, அதே விரல்களுக்குள் கரண்டி. முகம் சுண்ணாம்பு.

கெஷேக்குப் பயம் வந்தது. அவருக்காக முதலில், சியெனாவுக்காக அப்புறம். ஒரே ஒரு கரண்டி. அவர் கேட்ட கரண்டி அவர் கையிலேயே இருக்கிறது. கோப்பைக்குள் விட்டால் போதும், ப்ரூஜ். வாழ்நாள் முழுக்கப் ப்ரூஜ். பாத்திரம் கழுவும் தொட்டி, ஜூன் மாதம்.

“டாக்டரக் கூப்பிடட்டுமா?” என்றாள்.

“எதுக்கு? மூச்சு வாங்கறதுக்கா? மதகுல நான் சக்கரம் சுத்தினப்ப எந்த டாக்டர் வந்தாரு?”

“அப்ப கரண்டியப் போட்டுடுங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

“ஜெயிக்கறதா?” அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் முகத்தில் கொஞ்சம் ரத்தமும் வந்தது. “‘போப்பிங்காவால ஏற முடியல’ன்னு டோம்மா கூட்டக் குறிப்புல எழுதுவா. அத ஹப்போ படிப்பான். நான் ஜெயிச்சேன்னு யார் சொல்லுவா?”

போடவும் முடியாமல், ஏறவும் முடியாமல் நின்றார். தன் நிபந்தனையில் தானே மாட்டிக்கொண்ட ஆளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று கெஷே இத்தனை வருடம் காத்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

“இந்த எடத்துல சியெனால என்ன இருக்கு?” என்று திடீரென்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

இந்த இடத்துக்கு அவள் எதையும் தயார் செய்து வைக்கவில்லை.

“இங்கயா?” என்றாள். “இங்க ஒரு பெஞ்சு இருக்கு.”

“பெஞ்சா?”

“கல் பெஞ்சு. செவுத்தோட ஒட்டினாப்ல. மேடு ஏறி வர்றவங்க எல்லாரும் அதுல உக்காந்துட்டுத்தான் போவாங்க. உக்காராமப் போனா அவமரியாதை. அந்தூர் வழக்கம்.”

“யாரு போட்டது?”

“ஒரு... பிஷப்பு. அவருக்கு முட்டி வலி.”

போப்பிங்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சுவர் ஓரமாகக் கார் சக்கரம் தட்டி நிற்பதற்காக ஒரு தாழ்வான கான்கிரீட் கட்டை இருந்தது. கெஷே அதில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவரும் உட்கார்ந்தார். அந்தூர் வழக்கம் என்றால் என்ன செய்வது?

“நெழல் உண்டா?” என்று கேட்டார்.

“உண்டு. எதிர் வீட்டு நெழல். மத்தியானம் முழுக்க.”

“நல்ல பிஷப்பு” என்றார்.

காற்று சரிவுப் பாதைக்குள் சுழன்று ஊளையிட்டது. அவருக்கு மூச்சு மெதுவாகத் திரும்பியது. எழுந்து, கரண்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கை கொடுக்காமல், ஆனால் அவள் எழுந்துகொள்ளும்வரை நின்று, மேலே நடந்தார்.

மொட்டை மாடியில் சங்கம் கூடி நின்றது. மழைத்தண்ணீர் வடிவதற்காக அந்தத் தரையை நான்கு பக்கமிருந்தும் ஒரு வடிகால் துளையை நோக்கிச் சரித்து விட்டிருந்தார்கள். மெல்லிய சரிவு, கிளிஞ்சல் போல. கார் ஒன்றுகூட இல்லை. கரைக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் தீவுகள், இந்தப் பக்கம் கிராமம் கிராமமாகத் தேவாலயக் கோபுரங்கள். நேராக நின்றவை, சாய்ந்து நின்றவை, எல்லாம் ஒரே பார்வையில். சுற்று வட்டாரக் கோபுரங்கள் அத்தனையையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சனியனின் தலைதான் என்பது சங்கத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. சத்தியம் செய்திருந்தார்களே!

கெஷே சரிவில் உட்கார்ந்தாள். பார்த்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹப்போ படுத்தே விட்டார். பாத்திரம் திறந்தது, கற்கண்டு வெடித்தது, பாலாடையைக் காற்று கொண்டுபோய் டோம்மாவின் கண்ணாடியில் வைத்தது. யாரும் விழவில்லை, ஒரு கரண்டியும் விழவில்லை. மூன்று கோப்பை குடித்தார்கள்.

“ஆஹா” என்றார் ஹப்போ, வானத்தைப் பார்த்தபடி. “சியெனா சியெனாதான்.”

“கதீட்ரல் எனக்கு ரொம்பப் புடிச்சது” என்றாள் டோம்மா.

“அந்த ஊத்து, அது பக்கத்துல சன்னல்ல நின்னாளே ஒரு பொம்பள...” என்றார் கை மஞ்சளானவர்.

“மனசு நெறைஞ்சுபோச்சு கெஷே” என்றார் ஹப்போ. எழுந்து உட்கார்ந்துகொண்டார். “இவ்ளோ நல்லா யாரும் காட்டினதில்ல. சரி, சியெனா பாத்தாச்சு. மே மாசம் எங்க போறோம்?”

கெஷே சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் கேக்கறேன். ரெண்டு நாள் பேருந்துல உக்காந்து, மறுபடி இதையே பாக்கப் போகணுமா? ப்ரூஜ்ல அந்த அன்னமும் என்னத் தேடிக்கிட்டிருக்கும்” என்றார் ஹப்போ.

டோம்மா தயங்கினாள். அவளுக்குக் கெஷேயைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் தலைவி என்றால் கேட்கத்தானே வேண்டும்? “சியெனா போதும்னு நெனைக்கறவங்க” என்றாள் மெதுவாக.

கணகணகணவென்று விழுந்தது. திறந்தவெளியில் அது முன்னைவிட நன்றாகவே கேட்டது. ஒவ்வொரு கரண்டியும் அவள் மேலேயே விழுவது போல இருந்தது கெஷேக்கு. அழுகை வந்தது, காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். அவள் கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினை. கொஞ்சம் மோசமாகக் காட்டியிருந்தால் சியெனாவுக்குப் போயிருக்கலாம். தன் கரண்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே வடிகால் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோம்மா எண்ணினாள். நின்றாள். மறுபடி எண்ணினாள்.

“கெஷேயோடது ஒண்ணு வராதுன்னு தெரியும்” என்றாள். “இன்னொண்ணு எங்க?”

எல்லோரும் ஒருவர் கோப்பையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

போப்பிங்கா சரிவின் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கோப்பை காலி. அதற்குள் ஒன்றுமில்லை. கரண்டி சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் கோப்பையைக் கெஷேயின் பக்கம் நீட்டினார்.

“எனக்கு ஊத்துங்க” என்றார்.

“மூணு கோப்ப ஆயிடுச்சே, ரேம்ட்!” என்றார் ஹப்போ.

“ஆனா என்ன? நான் கரண்டி போட்டேனா? போடற வரைக்கும் ஊத்தணும். அதான் முறை.”

“ரெண்டு பேருக்குப் பேருந்து கெடையாது” என்றாள் டோம்மா. “ரயில்லதான் போகணும்.”

“ரயிலு மேடு ஏறாதா என்ன?”

கெஷே பாத்திரத்தை எடுத்தாள். ஊற்றிய அவசரத்தில் கொஞ்சம் அவர் செருப்பில் கொட்டியது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் அவள் பக்கமாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அந்தப் பெஞ்ச நான் பாக்கணும். கல் பெஞ்சு, எதிர் வீட்டு நெழலு, எல்லாம். அது மட்டும் அங்க இல்லேன்னா, கெஷே, உன்னச் சும்மா விடமாட்டேன்.”

அவள் அவர் கோப்பையை விளிம்புவரை ஊற்றினாள். சியெனாவில் அப்படி ஒரு பெஞ்சு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. பிஷப்புகளுக்கு அங்கே முட்டி வலித்ததா என்றும் தெரியாது. இல்லாவிட்டால் அடுத்த தெருவில் போய்த் தேடலாம். அந்த ஊரில் மேடுகளுக்கா பஞ்சம்!